தையல்காரர் வீட்டு ஜன்னல்

“அந்த மாடி ஜன்னல்ல நிக்கிறாங்களே, அவங்க யாரு?” என்று ஒரு பயணி கேட்டதற்கு வழிகாட்டி சொன்ன பதிலால்தான், தூக்குப்பாலத்தருகே குடியிருந்த தையல்காரரின் மனைவி வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாதவளானாள். வாசற்கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் வைத்தால், வைத்த கால் மாடி ஜன்னலடியில் இருக்கும். மற்றக் காலும் பின்னாலேயே அங்கே போய்ச் சேரும். பின்கதவிலும் அப்படித்தான். வெளியாட்கள் படியேறிப் போகலாம், வரலாம். அவளுக்கு மட்டும் வீடு ஜன்னலில் முடிந்தது. முதலில் தெருவே கூடிநின்று வேடிக்கை பார்த்தது. பிறகு காய்கறிக்காரர் கூடையில் கயிறு கட்டி மேலே அனுப்பப் பழகிக்கொண்டார். அதற்கும் பிறகு, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைப்போல, அதுவும் அந்தத் தெருவின் விஷயங்களில் ஒன்றாகிவிட்டது.

விமானம் மாறுவதற்காகச் சில மணிநேரம் அந்தத் துறைமுக நகரத்தில் சிக்கிக்கொள்ளும் பயணிகளை வேனில் ஏற்றி, ஊரைச் சுற்றிக்காட்டி, அடுத்த விமானத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய் விடுவது வழிகாட்டியின் வேலை. கலங்கரை விளக்கம், பழைய சுங்கக் கிடங்கு, மீன் சந்தை, கடற்கரை, அவ்வளவுதான் ஊர். வேலையில் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: பேச்சு நிற்கக் கூடாது. பேச்சு நின்றால் பயணி கடிகாரத்தைப் பார்ப்பான். கடிகாரத்தைப் பார்த்தவன் மனதளவில் விமானம் ஏறிவிட்டவன். அதன்பிறகு தாஜ்மகாலையே தூக்கிக்கொண்டுவந்து வைத்தாலும் அவன் கண்ணுக்கு ஏறாது. வழிகாட்டி இயல்பில் வாயில்லாப் பூச்சி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று வீட்டில் அவள் அக்கா கேலி செய்வாள். ஆனால் மைக்கைக் கையில் பிடித்ததும் உள்ளேயிருந்து வேறொருத்தி எழுந்து பேசுவாள். அவள் எங்கிருந்து வந்தாள் என்று வழிகாட்டிக்கே தெரியாது.

சந்தையிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில்தான் தூக்குப்பாலம் இருந்தது. கப்பல் வந்தால் மணி அடிக்கும், பாலம் இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்க்கும், வண்டிகளெல்லாம் வரிசையில் நிற்கும். அந்த இடத்தில் காட்டுவதற்கு எதுவுமில்லை. ஒருபக்கம் கிடங்கின் நீண்ட சுவரும் அதையொட்டி ஒரு பலசரக்குக் கடையும். மறுபக்கம் கீழே தையல்கடையும் மேலே வீடுமாக ஒரு கட்டடம். தையல்காரரின் மனைவி அன்று ஜன்னலில் நின்றது அடுப்புக்கு எரிவாயு கொண்டுவருபவர் வருகிறாரா என்று பார்க்கத்தான். அது வழிகாட்டிக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய சீருடையைத் தைத்துக்கொடுத்தவரே அந்தத் தையல்காரர்தான். அளவு பார்க்கும்போது வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி, “போன தடவைக்கு இந்தத் தடவை இளைச்சிருக்கே. சாப்பிடுறியா இல்ல, பேசியே பசியாறிடுறியா?” என்று கேட்டவள் அந்த மனைவி. உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்ட தொப்பிக்காரப் பயணியின் கட்டைவிரல் சட்டைக்கையை மேலே தள்ளத் தொடங்கியிருந்தது. கடிகாரத்தின் பாதி வட்டம் வெளியே தெரிந்தது.

“அவங்க வீட்டுக்காரர் கப்பல்ல போனவரு,” என்றாள் வழிகாட்டி மைக்கில். “போகும்போது, பாலம் தூக்குறப்பல்லாம் ஜன்னல்ல வந்து நில்லு, ஏதாவது ஒரு கப்பல்ல நான் இருப்பேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவங்களும் நிக்கிறாங்க.”

சட்டைக்கை கீழே இறங்கிக் கடிகாரத்தை மூடியது. வேனுக்குள் அப்படியொரு அமைதியை வழிகாட்டி அதுவரை கண்டதில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். அந்த நேரத்தில் கீழே கடையில், சம்பந்தப்பட்ட வீட்டுக்காரர் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து பொத்தான் ஓட்டைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் என்றால் அவருக்கு உயிர்ப்பயம். வாளியில்கூடப் பாதிக்கு மேல் நிரப்பவிடமாட்டார். எதிர்க்கரைக்குப் படகில் கால்மணியில் போய்விடலாம். அவர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பேருந்தில்தான் போவார்.

மறுநாளும் வழிகாட்டி அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், தையல்காரர் இயந்திரத்திலிருந்து எழுந்து, அளவு நாடா கழுத்தில் தொங்க, துறைமுகத்துக்கு நடந்துபோய், ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் ஏறிக்கொண்டார். கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனவர் யாருமில்லை. ஊசி துணியில் குத்தியபடி இருந்தது. அது தபால்காரரின் கால்சட்டை. ஒரு கால் தைத்தும் ஒரு கால் தைக்காமலும் கிடந்தது. ஆகவே தையல்காரர் காணாமல்போனது பற்றி முதலில் புகார் சொன்னவரும் தபால்காரர்தான்.

ஊர் இதற்கு முன்பும் வழிகாட்டியின் பேச்சைக் கேட்டிருக்கிறது. மழைநாளில் சந்தைப் பூனைகள் மீனைத் தொடாது என்று அவள் ஒருமுறை வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து அவை தொடுவதில்லை. மீன்காரர்களுக்குச் சந்தோஷம். பூனைகளை யாரும் கேட்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவளும் அதை விட்டுவிட்டாள். தையல்காரர் போன அன்று வேன் ஓட்டுநர்தான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துப் பேச்செடுத்தார்.

“தங்கச்சி, நீ சொன்ன மாதிரியே மனுசன் போயிட்டாரு.”

“அண்ணே, நான் சும்மா சொன்னேண்ணே.”

“பூனைக்கும் சும்மாதான் சொன்னே.”

அன்றே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இதுதான் பின்னாளில் மீன்முள்ளைப்போல அவள் தொண்டையில் நின்றது. தெரியாமல் சொன்னது கொஞ்சம். தெரிந்த பிறகும் சொன்னது ஏராளம். பாலம் உயரும், வேன் நிற்கும், பயணிகளின் முகங்கள் அவள் பக்கம் திரும்பும். வீட்டில் அக்காவின் பிள்ளைகள்கூட அவள் பேசும்போது இப்படித் திரும்பியதில்லை. இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு மைக்கை எடுப்பாள். எடுத்துவிட்டால் உள்ளேயிருக்கிற மற்றவள் முத்துத்தோடு, ஈரக் கண், உப்புக்காற்றில் பறக்கும் கூந்தல் என்று சேர்த்துக்கொண்டே போவாள். நிறுவனத்தார் விளம்பரத் தாளில் கலங்கரை விளக்கத்தை எடுத்துவிட்டு ஜன்னலைப் போட்டார்கள். வேறு ஊர் வழியாக விமானம் மாற வேண்டியவர்கள்கூட அந்த ஜன்னலைப் பார்ப்பதற்காக இந்த ஊர் வழியாக வரத் தொடங்கினார்கள். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவள் கையைக் குலுக்கினார். அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் சீருடையைச் சுருட்டிக் கண்ணில் படாத மூலையில் போட்டாள்.

கடைசியில் ஒருநாள் பாலத்தடியில் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு முதியவள் எழுந்தாள். முன்பு ஒருமுறை இதே வேனில் வந்துபோனவள். “நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்,” என்று எல்லோர் பக்கமும் திரும்பி, வழிகாட்டியைவிட நன்றாகச் சொன்னாள். தன் ஊரில் பலமுறை சொல்லிப் பழகிய குரல் அது. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது வழிகாட்டிக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் கொட்டிய சொல் எத்தனை ஊர்களில் முளைத்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று வேலை முடிந்ததும் அவள் தையல்காரர் வீட்டுப் படியேறினாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட வேண்டும் என்பது எண்ணம். அதற்கு இடம் கிடைக்கவில்லை.

“செருப்ப அங்கயே விடு,” என்றாள் தையல்காரரின் மனைவி. “உன் மைக்கு என் சுவத்துல முட்டிக்கிட்டுத்தான் தினமும் நிக்குது. நீ பேசுறது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?”

வழிகாட்டி செருப்பைக் கழற்றினாள்.

“முத்துத்தோடுன்னு சொன்னியே. என்கிட்ட ஏது முத்து? மறுநாள் காலையில பெட்டியில இருக்கு. போட்டதுலேர்ந்து காது புண்ணு. கழட்டவும் வரல. கூந்தல் பறக்குதுன்னு சொன்னே. ஜன்னல மூடினாலும் பறக்குது. சோத்துல முடி.”

வழிகாட்டி அழத் தொடங்கினாள்.

“அழாதே. நீ அழுதா எனக்கு வாசல் திறக்குமா? சொல்றதுதான் சொல்றே, பின்பக்கக் குழாயில தண்ணி நல்லா வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லிவை. ரெண்டு வருசமா சொட்டுது.”

மறுநாள் வழிகாட்டி அதைச் சொன்னாள். குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதில் அவளுக்குத் துணிச்சல் பிறந்தது. அடுத்த வாரம், கணவர் வந்துவிட்டார் என்று சொன்னாள். அன்று மதியமே ஒரு கப்பல் வந்தது, தையல்காரர் இறங்கினார், கழுத்தில் நாடாவோடு தெருமுனை வரைக்கும் நடந்துவந்தார். தெருவே பார்த்தது. அதற்குள் பாலம் இறங்கி, வேன் நகர்ந்து, கடற்கரையில் இளநீர் குடித்த பயணிகள் அந்தக் கதையை மறந்துவிட்டார்கள். திரும்பி வந்துவிட்ட கணவனை யார் ஊருக்குக் கொண்டுபோவார்கள்? அவர்கள் கொண்டுபோனது காத்திருந்தவளைத்தான். தையல்காரர் தெருமுனையில் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாதவரைப்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கப்பலுக்குத் திரும்பிப் போனார். வழிகாட்டி விடவில்லை. இன்னும் உருக்கமாகச் சொன்னாள். அடுத்த முறை அவர் கடைவாசல் வரை வந்தார். அதற்கடுத்த முறை மாடிப்படியின் பாதிவரை ஏறினார், உள்ளே அவர் மனைவி சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள், அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கரண்டியோடு எழுந்தாள், சத்தம் நின்றது, திரும்பி இறங்கியது.

அன்று மாலை தையல்காரரின் மனைவி ஜன்னலிலிருந்து வழிகாட்டியைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“அவரை இனிமே கூப்பிடாதே. பாதியில திருப்பி அனுப்புறதுக்கு எதுக்கு வரவைக்கிறே?”

அதற்குப் பிறகு வழிகாட்டி பாலத்தடியில் கப்பலின் நீளத்தைப் பற்றி மட்டும் பேசினாள். ஆனாலும் பயணிகளே கேட்டார்கள், பயணிகளே சொல்லிக்கொண்டார்கள், ஜன்னலைப் படம் எடுத்தார்கள்.

வழி திறந்தது ஒரு பயணியின் வயிற்றுக் கோளாறால். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பாலம் தூக்கியிருந்த நேரத்தில், உயரமான ஒரு பெண் முகம் வெளுத்து, தன்னால் முடியாது என்று எழுந்துவிட்டாள். வேறு போக்கிடம் இல்லாமல் வழிகாட்டி அவளைக் குடைபிடித்துத் தையல்காரர் வீட்டு மாடிக்கு ஓடவைத்தாள். அவள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது, கதையில் காத்திருக்கும் பெண் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய நகம் ஒன்று தெறித்துப் பயணியின் காலில் விழுந்தது. வேனுக்குத் திரும்பியதும் எல்லோரும் ஆவலோடு விசாரித்தார்கள்.

“அவங்களா?” என்றாள் உயரமான பெண். “எங்க மாமியார் மாதிரி இருக்காங்க. கப்பல் போனதைத் திரும்பிக்கூடப் பாக்கல. தண்ணியைப் பாத்து ஊத்துங்கன்னு என்னையே அதட்டினாங்க.”

வேனில் காற்று இறங்கியதைப்போல ஆயிற்று. இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அன்று மாலை தையல்காரரின் மனைவி வழக்கம்போல ஒருமுறை வாசற்கதவைத் திறந்து காலை வைத்துப் பார்த்தாள். கால் மாடி ஜன்னலடிக்குத்தான் போனது. ஆனால் கட்டைவிரல் மட்டும் தெருவிலேயே நின்றது. மழைத்தண்ணீர் அதன்மேல் ஓடியது. எதிர்க்கடைக்காரர் பார்த்துச் சாட்சி சொன்னார்.

அன்றிலிருந்து வழிகாட்டி தன் தொழிலுக்குத் துரோகம் செய்யத் தொடங்கினாள். பாலம் உயர்ந்ததும், ஜன்னலைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம் வாருங்கள் என்று வேன்வேனாக மாடிக்கு ஏற்றினாள். செருப்பைக் கழற்றச் சொல்லி அதட்டு விழும். தையல்காரரின் மனைவி ஒரு பயணியிடம் போர்வையின் மறுமுனையைக் கொடுத்து மடிக்கச் சொல்வாள். இன்னொருவரைப் பரண்மேலிருக்கும் டப்பாவை எடுத்துத்தரச் சொல்வாள். யாராவது கணவரைப் பற்றி மெல்லக் கேட்டால், அவர் குறட்டையைப் பற்றி விரிவாகச் சொல்வாள். அவள் நடிக்கவில்லை. முன்பு எப்படி இருந்தாளோ அப்படித்தான் இருந்தாள். கேட்பதற்குத்தான் ஆளில்லாமல் இருந்தது. பயணிகள் முகம் தொங்க இறங்கினார்கள். அங்கே ஒன்றுமில்லை, சும்மா ஒரு வீடு என்று தங்கள் ஊர்களில் சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர்கள் அதைவிட உதவினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் மறக்க மறக்க, தையல்காரரின் மனைவியின் கால் விரல் விரலாகத் தெருவுக்கு வந்தது. முதல் வருடம் ஐந்து விரலும் வந்தன. இரண்டாவது வருடம் குதிகால். ஒருநாள் முத்துத்தோடு தானாகக் கழன்று சோற்றில் விழுந்தது.

புகார்கள் குவிந்தன. மேற்பார்வையாளர் வழிகாட்டியை அழைத்தார்.

“ஏம்மா, வர்றவங்க எல்லாம் ஏமாந்து போறாங்களாமே?”

“ஆமா சார்.”

“ஆமாவா? அந்த அம்மாவுக்குப் பாத்திரம் தேய்ச்சிட்டு வந்தேன்னு ஒருத்தர் புகார் சொல்றாரு!”

“தேய்ச்சாரு சார். நல்லாத்தான் தேய்ச்சாரு.”

விளம்பரத் தாளில் கலங்கரை விளக்கம் திரும்பவும் வந்தது. அவளைக் குளிர்சாதனம் வேலை செய்யாத பழைய வேனுக்கு மாற்றினார்கள். ஓட்டுநரும் முனகிக்கொண்டே அவளோடு அந்த வேனுக்கு வந்தார். “உன் வாய் நல்லா இருந்தப்பவும் எனக்கு வேர்த்துச்சு, இப்பவும் வேர்க்குது,” என்றார்.

ஒவ்வொரு முறை மாடியேறும்போதும் வழிகாட்டி மன்னிப்பு என்ற சொல்லை நாவில் வைத்துக்கொண்டுதான் ஏறினாள். ஒவ்வொரு முறையும் அதை விழுங்கிக்கொண்டுதான் இறங்கினாள். மன்னித்துவிட்டேன் என்று அந்தப் பெண் ஒருவேளை சொன்னாலும், அது அவளாகச் சொன்னதா, தன் வாய் சொல்லவைத்ததா என்று எப்படித் தெரியும்? தையல்காரரின் மனைவியும் போர்வை, பரண், குழாய் தவிர வேறெதையும் அவளிடம் பேசியதில்லை.

கதை தேய்ந்து நூலாகிவிட்ட சமயத்தில் தையல்காரரின் கப்பல் மறுபடி வந்தது. இந்த முறை அவரை யாரும் கூப்பிடவில்லை. பாலம் உயர்ந்திருந்தது, வேன் நின்றிருந்தது. அவர் தெருமுனையில் திகைத்து நிற்கவில்லை. எல்லாம் நினைவிருக்கிற மனிதராக நேராக நடந்துவந்து, தன் கடைக்கு எதிரிலிருந்த கடையில் தடித்த ஊசியும் கப்பல் கித்தான் தைக்கிற நூலும் வாங்கினார். பிறகு தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். மனைவி அங்கேதான் நின்றாள். இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநருக்குத்தான் பொறுக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, “என்னண்ணே, வீட்டுக்குப் போகலையா? இப்ப உங்கள யாரும் தடுக்கலியே!” என்றார்.

“தரையில நின்னா தலை சுத்துதுப்பா,” என்றார் தையல்காரர். வெட்கப்பட்டவரைப்போல அளவு நாடாவைத் தொட்டுக்கொண்டார். “முதல்ல யாரு என்னைத் தள்ளிவிட்டாங்கன்னு தெரியல. இப்ப நானாத்தான் போறேன்.”

அவர் போனார். வாளித் தண்ணீருக்குப் பயந்த மனிதர், பலகைமேல் ஏறிக் கப்பலுக்குள் போவதை, வழிகாட்டி வேனின் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தாள். கதையைத் துடைத்துவிட்டால் கதைக்கு முன்பு இருந்தது திரும்பிவிடும் என்று அவள் அதுவரை நம்பியிருந்தாள். தடை நீங்கிவிட்டது, ஆனால் அவள் சொல்லால் உண்டான மனிதர் உண்டானவராகவே இருந்தார். ஜன்னலைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அன்று பயணிகளை மாடிக்கு அழைத்துப்போகவும் இல்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு முற்பகலில் மணி அடித்தது, பாலம் உயர்ந்தது, வேன் வழக்கமான இடத்தில் நின்றது. வேனில் அரைத்தூக்கத்தில் இருந்த சில பயணிகள். தையல்காரர் வீட்டு வாசற்கதவு திறந்தது. ஒரு கால் தெருவில் இறங்கி, தெருவிலேயே இருந்தது. மற்றக் காலும் இறங்கியது. தையல்காரரின் மனைவி கையில் ஒரு துணிப்பையோடு நின்று, குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டாள். எதிர்க்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எடை போட்டார். யாரும் கைதட்டவில்லை. மழை விட்டால் குடையை மடக்குவதைப்போல, தெரு அதை எடுத்துக்கொண்டது.

பாலம் மூடும்வரை அவளும் மற்றவர்களைப்போலக் காத்திருக்க வேண்டியிருந்தது. சைக்கிள்காரர்களுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் நடுவில், வேனுக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் வழிகாட்டியைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்து இறங்கி, தையல்காரரின் மனைவிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள். எங்கே போறீங்க அக்கா என்று கேட்க வாய் வந்தது. நல்லா இருங்க என்று சொல்ல வந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து விழும் ஒரு நல்ல வார்த்தைகூட அந்தப் பாதங்களில் போய்ச் சுற்றிக்கொள்ளலாம். எங்கே போவது, எப்படி இருப்பது என்பதை அவற்றுக்கு முன்பே அது முடிவுசெய்துவிடலாம். ஆகவே உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். உப்புச்சுவை தெரிந்தது. தையல்காரரின் மனைவி ஒருமுறை திரும்பினாள். வழிகாட்டியின் முகத்தை, இறுக மூடிய வாயை, தோளில் இற்றுப்போயிருந்த சீருடையின் தையலைப் பார்த்தாள். தையலில் மட்டும் கண் கொஞ்சம் நின்றது. கப்பல் கடந்தது. பாலத்தின் இரண்டு பாதிகளும் இறங்கி ஒன்றோடொன்று பொருந்தின. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு கிளம்பின. அவள் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பாலத்தின்மேல் நடந்துபோனாள்.